நாலாவது தந்தி அடங்கும்வரை

"டீச்சர், என் கச்சேரி சீக்கிரம் முடிஞ்சுடுது" என்றார் நீலமேகம்.

சொன்னவருக்கு நாற்பத்தாறு வயது. பாட்டில் பட்டம் வாங்கியவர். கச்சேரிக்கு முதல் நாள் தலைக்கு மை பூசத் தவறாதவர்.

கேட்டுக்கொண்டிருந்த அபரஞ்சிக்கு முப்பத்தொன்பது. தன் குரு காலமான பிறகு நீலமேகம் யார் பேச்சையும் கேட்காமல் அபரஞ்சியிடம் பாடம் கேட்க வந்துவிட்டார். அவர் இந்த அம்மாளை டீச்சர் என்பார். அம்மாள் அவரை அண்ணா என்பார். ஊர் இதைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

கோடை வந்தால் நீலமேகத்துக்குக் கால் தரையில் நிற்காது. இந்த வருஷம் அமெரிக்காவில் ஆறு வாரத்தில் பத்தொன்பது கச்சேரி. வியாழக்கிழமை விமானம்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்றுதான் பெரியது. கோடை விழாவில் சனிக்கிழமை சாயந்திரம், இரண்டரை மணி நேரம். போன வருஷம் அதே மேடையில் இருபத்தைந்து நிமிஷம் முன்னாலேயே மங்களம் பாடிவிட்டார். கச்சேரிக்குப் பிறகு போடும் சாப்பாட்டுக்கு அன்றைக்குச் சமையல் முடிந்திருக்கவில்லை. எழுநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு சாம்பாருக்குக் காத்திருந்தார்கள்.

மறுபடி அப்படி நடந்தால் அடுத்த கோடைக்கு அந்த இடம் வேறொருவருக்குப் போகும் என்று விழாச் செயலாளர் எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அன்றிலிருந்து நீலமேகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"எத்தனை பாட்டு வச்சிருக்கீங்க?" என்று அபரஞ்சி கேட்டார்.

"முதல்ல எட்டு வச்சேன். பத்தலை. பத்தாக்கினேன். இப்ப பன்னிரண்டு."

"அப்பவுமா?"

"நேத்து வீட்ல கடிகாரம் வச்சுப் பாடிப் பார்த்தேன். ரெண்டே மணி நேரம்தான் வருது. இன்னும் நாலு பாட்டு சொல்லிக் கொடுங்க. வியாழக்கிழமைக்குள்ள பாடம் பண்ணிடறேன்."

அபரஞ்சி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நீலமேகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை சேலத்துல ராமநவமிப் பந்தல்ல பாடறேன். பின்னாடி தம்புரா போட ஆள் இல்லை" என்றார்.

தம்புரா போட்டால் பாட்டு கிடைக்கும் என்று நீலமேகம் கணக்குப் போட்டுக்கொண்டார்.

*

தகரக் கொட்டகை. நாலு மணி வெயில். மேடையில் ஒரு மேஜை விசிறி, அதுவும் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பியிருந்தது.

பட்டம் வாங்கிய மனிதர் பின்னால் உட்கார்ந்து தம்புரா போடுவதைக் கண்டு முதல் வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். நீலமேகத்துக்குக் காது சூடேறியது.

தம்புரா போடுகிறவருக்கு ஒரே ஒரு விதிதான். பாட்டு எந்தத் தாளத்தில் எந்த வேகத்தில் போனாலும் அவர் விரல் அதோடு ஓடக் கூடாது. நாலு தந்தி, ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே நிதானத்தில். பாட்டு படிக்க வந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுவார்கள்.

முதல் பாட்டிலேயே நீலமேகத்தின் விரல் தாளத்தோடு ஓடியது.

அவர் மனசு அங்கே இல்லை. இரண்டு பெட்டியில் எதில் ஜரிகை வேட்டி, எதில் மாத்திரை? எந்த ஊரில் எந்தப் பாட்டு? பையில் இருந்த போன் இரண்டு தடவை நடுங்கியது. மூன்றாவது தடவை நடுங்காததும் ஒரு கவலையாக இருந்தது.

இரண்டாவது பாட்டு முடிந்து அபரஞ்சி பூர்விகல்யாணி ராகத்தை ஆலாபனை செய்ய ஆரம்பித்தார். ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. ஆனாலும் நீலமேகத்தின் விரல் ஏதோ ஒரு தாளத்தில் டக்டக்கென்று போய்க்கொண்டிருந்தது.

அபரஞ்சி பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"அண்ணா, நீங்க பாட்டை ஆரம்பிச்சுட்டீங்க. நான் இன்னும் ராகத்துலதான் இருக்கேன்."

நீலமேகத்துக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நிமிஷம் ஒழுங்காகப் போட்டார். பிறகு விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற யோசனை வந்துவிட்டது.

அப்போது கரண்ட் போயிற்று.

விசிறி நின்றது. மைக் செத்தது. அவ்வளவு நேரம் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த மின்சாரச் சுருதிப் பெட்டியும் அடங்கியது. பந்தலில் மிச்சமிருந்தது ஒரு தம்புராவின் சத்தம்தான்.

அபரஞ்சி பாடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வயலின்காரரும் வில்லைத் தாழ்த்திவிட்டார்.

நீலமேகம் தன் தம்புராவை அப்போதுதான் கேட்டார். கேட்கச் சகிக்கவில்லை. மூன்று தந்தி சரியாக வந்தது. நாலாவது தந்தி பேச வாயெடுக்கும்போதே அவர் விரல் முதல் தந்திக்குத் தாவிவிட்டது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்தது. இத்தனை நாள் மேடையில் தான் செய்தது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பயமாக இருந்தது. நாலாவதை மீட்டினார். காத்திருந்தார்.

அது பேசியது. பேசி முடிக்க அதற்கு நேரம் பிடித்தது. முடிக்கட்டும் என்று விட்டார். பிறகு முதல் தந்தி.

பின்னால் நின்றுகொண்டு பானகம் குடித்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து மேடையருகே உட்கார்ந்தார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது. நீலமேகம் துடைக்கவில்லை.

எப்போது அபரஞ்சியின் குரல் அந்தத் தம்புராச் சத்தத்துக்குள் வந்து சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாது.

*

மங்களம் பாடி அபரஞ்சி கைகூப்பினார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போது வந்தது?

"என்ன டீச்சர், அதுக்குள்ள முடிச்சுட்டீங்க?" என்றார் நீலமேகம்.

அபரஞ்சி மேடையின் ஓரத்தைக் காட்டினார். ஆறரை மணிக்குக் கதை சொல்ல வேண்டிய உபன்யாசகர், மூன்றாவது டம்ளர் பானகத்தோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். மணி ஆறு நாற்பது. கச்சேரி ஆறு மணிக்கு முடிந்திருக்க வேண்டும்.

பாடியது எத்தனை என்று நீலமேகம் விரல் விட்டு எண்ணினார். நாலே பாட்டு.

அபரஞ்சி தம்புராவை உறையில் போட்டு முடிச்சுப் போட்டார்.

"நாலு பாட்டு கேட்டீங்களே. காகிதம் இருக்கா? எழுதிக்குங்க."

நீலமேகம் ஜிப்பாப் பையிலிருந்து பன்னிரண்டு பாட்டுப் பட்டியலை எடுத்தார். பேனாவைத் திறந்தார். கடைசிப் பாட்டை அடித்தார். பிறகு அதற்கு மேலே இருந்ததை. பிறகு இன்னொன்றை.

எட்டுப் பாட்டு அடிபட்டுவிட்டது. ஒன்பதாவதாக இன்னொன்றையும் அடிக்கப் போகும்போது அபரஞ்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் அண்ணா. அங்கே பாடறதுக்கும் ஏதாவது இருக்கட்டும்."