ராணிக்கு ஒரே ஒரு கட்டம்

முன்னொரு காலத்தில் அம்பலநாடு என்று ஒரு நாடு. குமராதித்தன் என்று ஒரு ராஜா அதை ஆண்டுவந்தான். அது எந்தப் பக்கம் என்று இப்போது கேட்காதீர்கள், கதை கெட்டுவிடும். ராஜா நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒன்று மனசில் தோன்றினால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிட வேண்டும். அப்படி ஓர் அவசரக்காரன்!

ஒருநாள் பட்டத்து யானைக்கு உடம்பு சரியில்லை. "இதைக் கவனிக்கிறவன் யார்?" என்று ராஜா கேட்டான். ஏழு பேர் முன்னால் வந்து நின்றார்கள். குளிப்பாட்டுகிறவன், தழை போடுகிறவன், மருந்து கொடுக்கிறவன் என்று ஆளாளுக்கு ஒரு வேலை. ராஜாவுக்குத் தலை சுற்றியது.

"ஒரு கேள்விக்கு ஏழு விடையா? நாட்டில் யாருக்கு யார் என்று இனி வீட்டுக்கு ஓர் ஓலை எழுதுங்கள். எதைக் கேட்டாலும் ஒரே விடை வர வேண்டும்!"

மந்திரி கொற்றனார் மெதுவாக எழுந்தார். "அரசே, சில கேள்விக்கு ஒரே விடைதான். சிலதுக்குப் பல விடை. எது எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்வோமே?"

அவ்வளவுதான், துள்ளிக் குதித்து எழுந்தார் ஓலைநாயகம் வரகுணத்தார். அரண்மனை எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். மந்திரி வாயைத் திறந்தாலே இவருக்கு வயிறு எரியும்.

"பிரிப்பதாம் பிரிப்பது! வேலை செய்யச் சோம்பல் அரசே, வேறொன்றுமில்லை. வீட்டுக்காரர் பெயர் மேலே. கீழே தாய், தகப்பன், துணை, பிள்ளை என்று நாலு கட்டம். கட்டத்துக்கு ஒரு பெயர். ஓலையில் பெயர் ஏறாதவன் இந்த நாட்டுக்காரனே இல்லை, எல்லைக்கு அப்பால் போகட்டும்!"

ராஜா விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஒரே அழுத்து. சட்டமாகிவிட்டது.

ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஒரு மத்தியானம் பரிசல்காரி மூக்காயி தலைவிரிகோலமாக அவைக்குள் ஓடி வந்தாள். புருஷன் இல்லாதவள். மாயாண்டி, ஒச்சப்பன் என்று இரண்டு பிள்ளைகள். எழுத்தர்கள் மாயாண்டியை எழுதினார்கள், கட்டம் நிறைந்துவிட்டது. சின்னவன் ஒச்சப்பனைக் கையைக் கட்டி வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டுமாம்.

"ரெண்டு பேரையும் நான்தான் பெத்தேன் சாமி!" என்று அலறினாள்.

"கட்டம் ஒன்று, பெயர் ஒன்று. உன் பேச்சில்தான் பிழை" என்றார் வரகுணத்தார்.

"பெத்த எனக்குத் தெரியாதா, உமக்குத்தான் தெரியுமா?"

ராஜாவுக்கு மனசு இளகியது. ஆனாலும், "முத்திரை போட்டாயிற்றே…" என்று இழுத்தான்.

அப்போது கொற்றனார் சொன்னார்: "சட்டம் சட்டம்தான் அரசே. நாட்டின் முதல் வீடு அரண்மனை. அதன் ஓலையை ஓலைநாயகம் இப்போதே, இங்கேயே எழுதட்டும். எழுதி முடித்துவிட்டால் அந்தப் பையனை நானே எல்லையில் விட்டு வருகிறேன்."

"அடப்பாவி மந்திரி!" என்று மூக்காயி தலையில் அடித்துக்கொண்டாள். வரகுணத்தாருக்கோ வாயெல்லாம் பல். ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்தார்.

"அரசரின் தாய்?" என்று கேட்டார் மந்திரி. வரகுணத்தார் எழுதினார். "தகப்பன்?" அதையும் எழுதினார். "பார்த்தீர்களா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"துணை?"

எழுத்தாணி அப்படியே நின்றது. ஏனென்றால் ராஜாவுக்கு இரண்டு ராணிகள். இரண்டு பேருமே திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்! பெரிய ராணி லேசாகத் தொண்டையைச் செருமினாள். சின்ன ராணியின் வளையல் சலசலவென்று குலுங்கியது.

"எழுதும் ஐயா" என்றார் மந்திரி. "எழுதாத ராணிக்குப் பல்லக்கு தயார் செய்ய வேண்டும். எல்லை ரொம்ப தூரம்."

"கட்டத்தைக் காலியாக விட்டுவிடட்டுமா?"

"அப்படியானால் இரண்டு பல்லக்கு!"

"அரசே, நீங்களே ஒரு பெயர் சொல்லுங்களேன்…"

ராஜா பதறிப்போனான். "யோவ், என்னை ஏனய்யா மாட்டிவிடுகிறீர்?"

அவை கொல்லென்று சிரித்தது. திரைக்குப் பின்னால் மட்டும் சிரிப்பில்லை. வரகுணத்தார் எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டு ராஜாவின் காலில் விழுந்தார்.

கொற்றனார் சிவப்பு நூல் ஒன்றும் பச்சை நூல் ஒன்றும் எடுத்தார். "ஒச்சப்பனின் தாய் யார்? மூக்காயி. ஒரே விடை, ஓலையில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நூல் கட்டலாம். அதையே திருப்பிக் கேளுங்கள். மூக்காயியின் பிள்ளை யார்? இரண்டு பேர். பச்சை நூல் கட்டலாம். கேள்வியைப் பார்த்துத்தான் கட்டம் போட வேண்டும் அரசே, கட்டத்தைப் பார்த்து மனுஷரை வெட்டக் கூடாது."

ராஜா ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டான். "பிறந்த ஊர்?" என்று கத்தினான். "சிவப்பு!" என்றது அவை. "சிநேகிதர்?" "பச்சை!" "யானையைக் கவனிக்கிறவர்?" "பச்சை! பச்சை!" கூரை அதிர்ந்தது.

"பச்சையில் இரண்டு வரும், பத்தும் வரும்" என்று மந்திரி முடிக்கப் போனார்.

"ஒண்ணுமே வராமலும் போகுமே சாமி!" என்றாள் மூக்காயி. "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமில்லை. அந்தக் கட்டத்துல இந்த ஓலைநாயகரு யாரையாவது பிடிச்சு எழுதிடப் போறாரு!"

"அட! இது எனக்குத் தோன்றவில்லையே" என்று கொற்றனார் கைகூப்பினார்.

ஒச்சப்பனின் கட்டை ராஜாவே அவிழ்த்தான். மூக்காயி மகனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ராஜா தன் பட்டுச் சால்வையை மந்திரிக்குப் போர்த்தினான். "இந்த அம்மாவுக்குப் புதுப் பரிசல் ஒன்று… இல்லை இல்லை, பிள்ளைக்கு ஒன்றாக இரண்டு கொடுங்கள்! வரகுணத்தாரே, உம் ஓலையால் எல்லை தாண்டியவர்களை ஊர் ஊராகத் தேடி நடந்துபோய் அழைத்து வாரும். பல்லக்கு கிடையாது."

அந்தச் சந்தோஷத்தில் ஒரு சேனாபதி துடுக்காகக் கேட்டுவிட்டார்: "அரசே, 'இந்த அவையில் முட்டாள் யார்?' என்ற கேள்வி எந்த நூலில் சேரும்?"

எல்லோர் கண்ணும் வரகுணத்தார் பக்கம் திரும்பியது. "சிவப்பு! ஒரே விடை!" என்று கூவினார்கள்.

ராஜா விரலில் இருந்த முத்திரை மோதிரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பச்சையில் கட்டுங்கள்" என்றான். "அவர் எழுதினார். முத்திரை போட்டது நான்."