பெத்தபெருமாள் கையும் சுடலைமுத்து காலும்

பூக்காரி சொல்லி பெரிய மனுசன் கேப்பாராக்கும்னு இழுக்காத. கேட்டாரு.

எங்க ஊரு பூச்சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரு பெத்தபெருமாள். பனைமர ஒசரம். அவரு கல்யாணத்துல மாலை மாத்த பொண்ணுக்கு ஸ்டூலு போட்டாங்க, அது தனிக் கதை.

மக கல்யாணத்துக்கு, அந்தச் சந்தையில பூ விக்கிற இசக்கியம்மாகிட்ட நூறு முழம் மல்லி கேட்டாரு. வெலை பேசியாச்சு. அவ அளக்கக் கையை நீட்டுனா, "உன் கை குட்டை. என் கையால அள"ன்னுட்டாரு. அவரு ஒரு முழம், இவளுக்கு ஒன்றரை முழம். சரின்னா பூ நட்டம். மாட்டேன்னா கடையைக் காலி பண்ணிருவாரு.

"அளந்துருவோம் அண்ணாச்சி. எங்க கடைக்கு வாடகை அடிக் கணக்குதான? அதை யாரு காலால அளக்கீய?"

சந்தையே திரும்பிப் பாத்துச்சு. அளக்கிறது கணக்கப்பிள்ளை சுடலைமுத்து. அவரு பாதம் பச்சப்புள்ளை பாதம். அந்தக் காலுக்கு எல்லாக் கடையும் பத்தடி வரும், வாடகையும் ஏறும்.

"பூவுக்கு உங்க கை, வாடகைக்கு அவரு காலா? ரெண்டையும் ஒரே ஆளு அளக்கட்டும். செருப்பைக் கழட்டுங்க அண்ணாச்சி."

பெத்தபெருமாள் காலை வெச்சா பத்தடி கடை ஏழடியாயிரும், மூணடி வாடகை போயிரும். கடையோ முப்பது. முப்பது பேரும் அவரு செருப்பையே பாத்துக்கிட்டிருந்தாளுக.

"உன் கையாலயே அளம்மா"ன்னாரு.

ஆனா பாத்தவளுக விடுவாளுகளா? மறுநா சுடலைமுத்து வாடகைக்கு வந்தா, ஆளுக்குப் பத்து ரூவா போட்டுக் கடையை அளக்க டேப்பு வாங்கி வெச்சிருக்காளுக.

ஏளா கோமதி, வாசல்ல பூக்காரி நிக்கா. ரெண்டு முழம் வாங்கி உள்ள கொண்டா. அளக்கையில உங்க மாமாவை அந்த நீளக் கையை நீட்டச் சொல்லு.