கறுப்புத் திராட்சையின் வழக்கு

முன்னொரு காலத்தில், ஆசை வந்தால் அடக்கத் தெரியாத ஓர் அரசன் ஒரு நாட்டை ஆண்டான். செண்பகசேனன் என்று பெயர். கிளிகளின்மேல் அவனுக்கு ஆசை வந்த வருஷத்தில், அவையில் எல்லோரும் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆசை தீர்ந்து நாட்டுக்குத் தொண்டை ஆறுவதற்குள், வடக்கேயிருந்து ஒரு வணிகன் ஒட்டகங்களில் உலர்பழ மூட்டைகளோடு வந்து சேர்ந்தான்.

அரசன் ஒவ்வொன்றாக வாயிலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வணிகன் விடைபெற்றுப் போன மறுநாளே ஆணை பிறந்தது. இனி அவையில் ஒவ்வொருவரும் ஒரு பழம். அவரவர் முன்னால் அவரவர் பழத்தட்டு.

படைத்தலைவருக்குப் பேரீச்சை. மேலே குழைவு, உள்ளே ஒரு கல். புலவர்களுக்கு அத்தி, கடித்த இடமெல்லாம் விதை, எதற்கு இத்தனை என்று யாருக்கும் தெரியாது. வைத்தியருக்கு உலர்ந்த நெல்லி. வாயில் போட்டதும் முகம் சுளிக்கும், தண்ணீர் குடித்த பிறகுதான் அருமை தெரியும். அவை விழுந்து விழுந்து சிரித்தது.

எல்லோருக்கும் முன்னால் சிரித்தவள் சொக்காயி. அரசனுக்கு விகடம் சொல்வது அவள் வேலை. மற்றவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்குமுன் தானே சிரித்துவிட்டால் வலி பாதியாகும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டுகொண்டவள்.

தட்டுகளைப் பங்கிடும் பொறுப்பைத் தலைமை அமைச்சர் அனந்தகீர்த்தி தானே கேட்டு வாங்கிக்கொண்டார். தமக்குப் பொன்னிறத் திராட்சை. சொக்காயிக்குக் கறுப்புத் திராட்சை. தட்டை வைக்கும்போது அவர் பார்வை பழத்தில் இல்லை. ஒரு காலத்தில் வயலில் நாற்று நட்டுக் கறுத்த அவள் முழங்கையில் இருந்தது. தாம் நாள்முழுதும் சொல்லும் யோசனைகளைக் கொட்டாவியோடு கேட்கிற அரசன், இவள் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருகிறானே என்ற புண் அவருக்கு ஆறவேயில்லை.

"அரசே, பொன்னும் கறுப்பும் ஒரே வரிசையில் இருப்பது அழகா? கறுப்புத் திராட்சை வாசற்படிக்கு வெளியே உட்காரட்டும்."

அரசனுக்கு ஒழுங்கு பிடிக்கும். "அதுவும் சரிதான்" என்று தலையாட்டினான்.

சொக்காயிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசற்படிக்கு வெளியேயிருந்து சொல்கிற சொல் யார் காதில் விழும்? அவளிடம் நிலமில்லை, நகையில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிற அந்த ஓர் இடம்தான் இருந்தது.

"அரசே, அந்த வணிகன் புறப்படும் அவசரத்திலும் அவனை நிறுத்தி விசாரித்திருந்தேன். இரண்டும் ஒரே கொடியில் பழுத்தவையாம். நிழலில் காற்றாடக் காய்ந்தது பொன். வெட்டவெளியில் காய்ந்தது கறுப்பு. வெயில் பட்டதைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது."

"வணிகன் வாய் விற்கிற வாய்," என்றார் அமைச்சர். "இவள் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் வாசற்படிகூட வேண்டாம். ஊர் எல்லையைத் தாண்டிப் போகட்டும்."

"சம்மதம்," என்றாள் சொக்காயி. சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அரண்மனைத் தோட்டத்துப் பந்தலில் பச்சைத் திராட்சை பழுத்திருந்தது. குலைகளைப் பறித்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி காற்று வீசும் மண்டபத்து நிழலில், மறு பாதி மொட்டைமாடி வெயிலில்.

"நிழலுக்கு வீரர்கள் போதும். வெயில் பாதிக்கு நானே காவல்," என்றார் அமைச்சர். "இவள் பழத்தில் மையைப் பூசினாலும் பூசுவாள்."

"பெரிய மனசு, ஐயா. ஆனால் குடை மட்டும் வேண்டாம். குடைநிழல் பழத்தில் விழுந்தால் வழக்கே கெட்டுவிடும்."

அவை கொல்லென்று சிரித்தது. அந்தப் பேச்சில் அவளுக்கு எந்தத் திட்டமும் இல்லை. தோற்கப்போகிறவளுக்கு ஒரு சின்னச் சந்தோஷம், அவ்வளவுதான்.

அமைச்சர் குடையில்லாமலே உட்கார்ந்தார். வெறுப்பு அவரை எழுந்திருக்க விடவில்லை. நாளாக ஆகப் பழங்கள் சுருங்கின, பழுப்பேறின, கடைசியில் நன்றாகவே கறுத்தன. அவள் ஜெயித்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நண்பகலில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அத்தனையையும் அகழியில் கொட்டினார். தம் வீட்டிலிருந்த பொன்னிறத் திராட்சையைத் தட்டில் நிரப்பிவிட்டார்.

தீர்ப்பு நாளில் தட்டைப் பிறர் கையில் கொடுக்க மனமில்லாமல் தாமே சுமந்து வந்தார். வாசலில் காவலாளி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"யாருப்பா நீ? சபை நடக்குது. சுமையாளெல்லாம் பின்வாசல் வழியா போ."

"அடே மடையா, நான் அமைச்சன்!"

குரலைக் கேட்டதும் காவலாளி காலில் விழுந்தான். உள்ளே சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அரசன் முன்னால் இரண்டு தட்டுகளின் துணிகளும் விலகின. நிழல் தட்டில் பொன். வெயில் தட்டிலும் பொன்.

"சொக்காயி," என்றான் அரசன். அவன் குரலில் வருத்தம் இருந்தது. "தோற்றுவிட்டாயே அம்மா."

அவள் காதில் ஒன்றும் விழவில்லை. ஊர் எல்லைக்கு அப்பால் என்ன இருக்கும், யாரிடம் பேசுவோம் என்று மனம் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டது. கண் மட்டும் வெயில் தட்டிலேயே இருந்தது; பிறகு தட்டைப் பிடித்திருந்த கைக்கு ஏறியது. அமைச்சரின் தோள்வளை சற்றே கீழே வழுக்கியிருந்தது. அது இருந்த இடத்தில் கைவிரல் அகலத்துக்கு வெளுப்பு. மேலும் கீழும் அடுப்புச் சட்டி நிறம்.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

"ஐயா, காவல் இருந்தபோது ஒரு கணமாவது பழத்தை விட்டு நகர்ந்தீர்களா?"

"இமைகூடக் கொட்டவில்லை."

"பழத்தின்மேல் துளி நிழல்?"

"காக்கையின் நிழல்கூட விழவில்லை! நானும் பழமும் ஒன்றாகத்தான் காய்ந்தோம்."

"யாராவது ஐயாவுக்கு ஒரு கண்ணாடி கொடுங்களேன்."

கண்ணாடி வந்தது. அமைச்சர் பார்த்தார். அவர் கறுத்துப்போனதைச் சொல்ல, பயத்தினால் அவர் வீட்டில் ஒருவர்கூட அதுவரை வாயைத் திறந்திருக்கவில்லை.

"அரசே," என்றாள் சொக்காயி, "இவரும் பழமும், இரண்டும் ஒன்றாகக் காய்ந்தனவாம். ஒன்று இப்படிக் கறுத்திருக்கிறது. இன்னொன்றை மட்டும் சூரியன் மன்னித்துவிட்டானா? வெயிலில் காய்ந்த பழம் தட்டில் இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் இந்த அவையில் வெயிலில் காய்ந்தது. கறுப்பும் பொன்னும் வேறு வேறு என்றால், இவர் யாரோ ஒருவர். நம் அமைச்சரை எங்கே ஒளித்துவைத்தார் என்று விசாரியுங்கள்."

"என்ன பேச்சு இது!" அமைச்சர் துள்ளினார். "நான்தான் அனந்தகீர்த்தி! நிறம் மாறினால் ஆள் மாறிவிடுமா?"

"அன்றைக்கு நான் சொன்னதும் அதுதானே, ஐயா."

அரசன் முதலில் இருமினான் என்றுதான் நினைத்தார்கள். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிம்மாசனமே ஆடும்படி சிரித்தான். படைத்தலைவர் சிரித்தார், நெல்லி வைத்தியர்கூடச் சிரித்தார்.

"இவரை என்ன செய்யலாம் சொக்காயி? எல்லைக்கு அப்பால் அனுப்பவா?"

ஆமாம் என்ற சொல் அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அது தித்திக்கவும் செய்தது. அமைச்சரின் பார்வை வாசற்படிக்குப் போய்த் திரும்புவதை அவள் பார்த்தாள். எல்லைக்கு அப்பால் என்ன இருக்கும் என்று சற்றுமுன் அவளும் யோசித்தவள்தானே.

"வேண்டாம் அரசே. காய்ந்த பழம் லேசில் கெடாது. உள்ளேயே வைத்திருங்கள். போகப் போக இனித்தாலும் இனிப்பார்."

அரசன் மறுபடியும் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டான். தோட்டத்துத் திராட்சைப் பந்தலையும் அவளுக்கே கொடுத்தான். அவள் இருக்கையைச் சிம்மாசனத்தின் பக்கத்தில் கொண்டுவந்து போடச் சொன்னான்.

சொக்காயி அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்னும் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்த அமைச்சரைப் பார்த்து, "உட்காருங்கள் ஐயா," என்றாள். "இங்கே நிழல்தான்."