திட்டு வாங்கப் போன கதை

முன்னொரு காலத்தில் ஜெர்மனி தேசத்துச் சின்ன ஊர் ஒன்றில், ஒரே கோயிலில் ஒரு பிரசங்கமும் ஒரு கதையும் குடியிருந்தன. வருஷம் முழுக்கப் பிரசங்கத்தின் ராஜ்யம்தான். ஈஸ்டர் அன்று மட்டும் கதை மேடையேறும். நோன்புக்காலம் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டிருந்த ஜனங்கள் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பிறகு யோவாகிம் என்ற புதுப் போதகர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சிரிப்பென்றால் அவருக்கு ஆகாது. வேதம் பேசுகிற இடத்தில் வேடிக்கையா என்று கதையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். அதோடு விட்டாரா? வருகிற ஈஸ்டரில் கதைகளைக் கண்டித்தே பேசப்போவதாகவும் அறிவித்தார். பிரசங்கத்துக்கு ஒரே குஷி.

கதைக்கோ இது உயிர்ப் பிரச்சினை. யாரும் அதை எழுதி வைத்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒரு வாய் சொன்னால்தான் அதற்கு உயிர். சொல்லிவந்த பழைய போதகரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஈஸ்டர் தவறினால் அதோடு சரி. ஒரு மூச்சு அழுது தீர்த்தது. அப்புறம் ஜன்னல் வழியாகப் பிரசங்கத்தைக் கூப்பிட்டது.

"தம்பி, தாராளமாகத் திட்டு. ஆனால் யாரைத் திட்டுகிறாய் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? நான் எவ்வளவு மட்டம் என்று முதலில் காட்டு, அப்புறம் திட்டு."

பிரசங்கத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஈஸ்டர் காலையில் போதகரின் வாயில் பிரசங்கம் முழங்கியது. இப்படியும் ஓர் அசட்டுக் கதை உண்டா என்று கேட்டு, அந்த அசட்டுத்தனத்தை விளக்கப் புகுந்தது. முட்டை திருடி வாயில் அடக்கிக்கொண்ட நரி ஒன்று பாவமன்னிப்புக்கு வந்ததாம். கேட்ட கேள்விக்கெல்லாம் வாயே திறக்கவில்லையாம். துக்கத்தில் நா எழவில்லை போலும் என்று சாமியார் உருகிப்போய், மன்னித்தேன் என்றாராம். நன்றி சொல்ல நரி வாயைத் திறக்க, முட்டை சாமியார் மடியில் விழுந்து உடைந்ததாம்.

"இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று அதட்டினார் போதகர்.

கோயிலே அதிர்ந்தது. ரொட்டிக்கடை உர்சுலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். போதகர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், இருமிப் பார்த்தார். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். பிரசங்கத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு ஒருவர்கூடத் தூங்கவில்லை என்பதை அது கவனித்தது.

கூட்டம் கலைந்தபோது உர்சுலா வாசலில் போதகரை நிறுத்தினாள்.

"ஐயா, நல்லா உறைக்கிற மாதிரி சொன்னீங்க. எங்க ஊர்ல இதைவிட மோசமான கதையெல்லாம் இருக்கு. அடுத்த ஞாயிறு அதுகளையும் கொஞ்சம் கண்டிக்கணும்."