அண்ணாச்சியின் இன்டர்னல் மார்க்

"மேடம், ஒரே ஒரு கேள்விதான். மொத்தப் பணத்தையும் நாளைக்கே போட்டுரவா, இல்ல வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்துப் போடவா?"

கேட்டவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. கேட்கப்பட்டவள் ஜெபமலர்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி. மாலை நேர எம்.காம். வகுப்பு. ஜெபமலர் எடுக்கும் பாடம், நிதி நிறுவனங்களும் சந்தைகளும்.

அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. ஜெபமலருக்கு முப்பது முடியவில்லை. இதில் யார் குரு, யார் சீடர் என்று வெளியாள் பார்த்தால் குழம்பித்தான் போவான். அண்ணாச்சிக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அவள் ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்தால் இவர் பீடியை மிதித்து அணைத்துவிடுவார்.

நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர். மில்லை மூடினார்கள். மற்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். இவர் பழைய பி.காம். சர்டிபிகேட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு காலேஜில் வந்து சேர்ந்தார்.

ஊர் சிரித்தது.

"சிரிக்கட்டும்வே. பல்லு அவனுக பல்லுதானே" என்றார். அப்பேர்ப்பட்ட ஆள்.

ஸ்டாஃப் ரூமில் அப்போது வேறு யாரும் இல்லை. ஜெபமலர் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"எந்தப் பணம் அண்ணாச்சி?"

"மில்லுல குடுத்த செட்டில்மென்ட் மேடம். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேத்து பேங்குல டெபாசிட்டா கெடக்கு. அதை உடைச்சிரலாம்னு இருக்கேன்."

"உடைச்சு?"

"அந்தப் பம்புசெட்டு கம்பெனி ஷேரு இருக்குல்லா. பூராவும் அதுல."

ஜெபமலருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தப்பு அவள் பக்கமும் இருந்தது.

அந்தப் பருவத்தில் வகுப்புக்கு ஒரு போட்டி வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் ஆளுக்குக் கொஞ்சம் கற்பனைப் பணம். பங்கு விலை மட்டும் நிஜம். வாங்கலாம், விற்கலாம். கடைசியில் யார் கையில் அதிகம் இருக்கிறதோ அவர் முதல்.

சின்னப் பயல்கள் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பிரித்துப் போட்டார்கள். அண்ணாச்சி எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒரே பம்புசெட்டு கம்பெனியில் கொட்டினார். அது ஏறு ஏறென்று ஏறியது. அவர்தான் முதல். ஹாலில் கைதட்டல், பொன்னாடை, போட்டோ. அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போயிற்று.

இத்தனைக்கும் ரிஸ்க்கைப் பற்றிய கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவர் அவர். எழுதியது வேறு, மண்டையில் ஏறியது வேறு.

"வீடு எதுல ஓடுது அண்ணாச்சி?"

"டெபாசிட் வட்டியிலதான்."

"வேற வருமானம்?"

"வேற ஏது?" என்றார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"வீட்டுல அக்கா என்ன சொன்னாங்க?"

"ஆவுடை என்னத்த மேடம் சொல்லுவா? டெபாசிட்டு ரெண்டு பேரு பேருலயும் இருக்கு. அவளும் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் காலைல பேங்குக்கு வான்னேன். சரின்னுட்டா."

ஜெபமலர் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் ஜெயித்தவன் காதில் எது ஏறும்? அதுவும் பொன்னாடை போர்த்திய காதில்?

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

"போட்டி நடக்கையில ஒரு நாள் மார்க்கெட்டே படுத்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? என் பணத்துல அஞ்சுல ஒரு பங்கு போயிருச்சே."

"அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"பயலுவ எல்லாம் தலையில கைய வச்சிட்டானுவ. நான் கேன்டீனுக்குப் போயி ரெண்டு உளுந்தவடை தின்னேன். திரும்ப ஏறும்னு எனக்குத் தெரியும். மார்க்கெட்டுக்கு அந்த நெஞ்சுத் தைரியம்தான் மேடம் வேணும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"நான் வடை திங்கச் சொல்லலையே அண்ணாச்சி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து மார்க் ஷீட்டை வெளியே எடுத்தாள்.

"இன்டர்னல் மார்க் நாளைக்குச் சாயங்காலம் ஆபீசுக்குப் போகுது. உங்களுக்கு இருபத்தஞ்சுக்கு இருபத்திரண்டு. கிளாஸ் ஃபர்ஸ்ட்."

அண்ணாச்சி சட்டென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

மார்க் என்றால் அவருக்கு உயிர். போன மாதம் ஒரு அரை மார்க் குறைந்ததற்கு இதே ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்ற நிற்பு இருக்கிறதே, பேரன் எடுக்கிற வயசில் இந்த அழிச்சாட்டியமா என்று பியூனே தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னும் பென்சில்லதான் போட்டிருக்கேன். ஒரு பந்தயம் வச்சுக்குவமா?" என்றாள் ஜெபமலர்.

"என்ன பந்தயம்?"

"நாளைக்கு மூணரைக்கு மார்க்கெட் முடியும்ல. அப்ப உங்க பம்புசெட்டு ஷேரு இன்னைக்கு விலைய விடக் கொஞ்சம் ஏறியிருந்தாலும் போதும், இருபத்தஞ்சும் போட்டுருவேன். எறங்கியிருந்தா முட்டை."

"முட்டைன்னா?"

"சைபர்."

அண்ணாச்சி பலமாகச் சிரித்தார். ஜெபமலர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"விளையாடுதீங்களா மேடம்? அதுக்கெல்லாம் ரூல் இருக்குல்லா?"

"ரூலை நான் பாத்துக்கிடுதேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." ரப்பரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாள்ல என்ன மேடம் தெரியும்? ஷேருன்னா பொறுத்துப் பாக்கணும். ஒரு வருஷம் டயம் குடுங்க."

"எடுத்துக்கிடுங்க. ஒரு வருஷம் கழிச்சே மார்க் போடுதேன். அதுவரைக்கும் உங்களுக்கு மார்க் ஷீட் வராது."

"அய்யய்யோ! நடுவுல ஒரு தேவைன்னு வந்தா?"

"வந்தா வாங்கிக்கிடலாம். அன்னைக்கு ஷேரு என்ன நெலமையில கெடக்கோ, அதுதான் உங்க மார்க்."

அண்ணாச்சி துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"நல்லா விசாரிச்ச ஷேருதானே அண்ணாச்சி?"

"அக்குவேறு ஆணிவேறா அலசியிருக்கேன்."

"ஏறும்னு தெரியும்லா?"

"தெரியும். தெரியும் மேடம். ஆனா, எங்கயாவது ஒருத்தன் எதையாவது சொல்லி வைப்பான். எந்த நாட்டுலயாவது சண்டை வரும். நாம என்ன கண்டோம்?"

"வந்தா?"

"எறங்கும்."

"எறங்குனா வடை தின்னுட்டு வாங்க."

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மேடம் நீங்க! இது என்ன வெளாட்டுக் காசா? மார்க்கு மேடம்!"

ஜெபமலர் ரப்பரைக் கீழே வைக்கவில்லை.

வெளியே மாணவர்கள் வந்துசேரும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ "ஏல" என்று கூப்பிட்டார்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம்" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு மார்க்கு வைக்கேன். போனா போயிட்டுப் போகுது."

"மீதி இருபது?"

"அதுல கைய வைக்காதீங்க மேடம். அது ராப்பகலா கண்ணு முழிச்சு நான் சம்பாதிச்சது."

சொல்லிவிட்டு ஜெபமலரைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'நான் சம்பாதிச்சது' என்று அண்ணாச்சி தனக்குத்தானே ஒருதரம் முணுமுணுத்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ரப்பரை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

அண்ணாச்சி சட்டைப்பையில் கையை விட்டு போனை எடுத்தார். மில் சத்தத்தில் கெட்டுப்போன காது. எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"ஆவுடை."

"சொல்லுங்க. கிளாசு இல்லையா?"

"இருக்கு. நாளைக்கு நீ பேங்குக்கு வர வேண்டாம்."

"ஏன், வேற நாளா?"

"எந்த நாளும் இல்ல. டெபாசிட்டு கெடக்கபடி கெடக்கட்டும்."

அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

"ஆவுடை? லைன்ல இருக்கியா?"

"நெசமாத்தான் சொல்லுதீங்களா?"

"நெசமாத்தான் தாயி."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தம்மா கேட்டாள்:

"அப்ப இன்னைக்காவது நான் தூங்கலாம்லா?"