நட்டநடுவில் இறங்கிய விமானம்

மேகமங்கலத்தில் ராஜாவும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. அது எப்படி என்று யாரும் கேட்கவேண்டாம். கதைக்குக் கால் ஏது, கொழுக்கட்டைக்குத் தலை ஏது?

ராஜா திடவர்மனுக்குப் புது விமானம் ஒன்று வந்திருந்தது. அது இறங்க ஓடுதளம் வேண்டுமே. கான்கிரீட்டைப் பாளம் பாளமாக வார்த்து, அடுத்தடுத்துப் பதிப்பதாக ஏற்பாடு. எவ்வளவு கனத்தில் வார்ப்பது என்று கணக்குப் போட்டவர் ஆஸ்தானக் கணிதர் பூதலிங்கம். பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற கர்வம்.

"ஒரு சாண் கனம் போதும் பிரபு. கம்ப்யூட்டர்லயே விமானத்தை இறக்கிப் பார்த்துட்டேன். ஒரு கீறல்கூட விழல," என்றார்.

விதூஷகன் சாத்தப்பன் திரையை எட்டிப் பார்த்தான். எந்தப் பாளத்திலும் சக்கரம் நட்டநடுவில்தான் நின்றது.

"ஓரத்துல ஏறினா என்ன ஆகும் சுவாமி?"

"கம்ப்யூட்டர் சொன்னா சொன்னதுதான்."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சவர் சொல்றப்ப நீ என்னய்யா குறுக்கே? முதல் சவாரியில என் பக்கத்துல நீதான் உட்கார்ந்து வரணும்."

சாத்தப்பனுக்கு உயிர்மேல் ஆசை அதிகம். மறுத்தாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து. சபையைச் சுற்றிப் பார்த்தான். புலவர்கள் உட்காரும் நீளப் பெஞ்சு ஒன்று காலியாகக் கிடந்தது. கால்கள் உள்ளடங்கி, பலகை மட்டும் இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு சந்தேகம் சுவாமி. இந்தப் பெஞ்சு உங்களைத் தாங்குமா? கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லுங்களேன்."

பூதலிங்கம் தட்டினார். திரையில் பலகைக்கு நடுவே ஒரு குட்டிப் பூதலிங்கம் வந்து உட்கார்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"என்னை மாதிரி ரெண்டு பேரைத் தாங்கும்."

"அப்போ உட்காருங்க. கொஞ்சம் ஓரமா. ராஜாவுக்குத் திரை தெரியல."

ஓரமாகத்தான் உட்கார்ந்தார். பெஞ்சின் மறுமுனை விருட்டென்று மேலே எழும்பியது. மல்லாந்த கணிதரைப் பக்கத்திலிருந்த சுண்டல் அண்டா தாங்கிக்கொண்டது.

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு திரையைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சாத்தப்பா, அந்த விமானத்துல நான்தானே இருப்பேன்?"

"ஆமாம் பிரபு. பக்கத்துல நானும்."

சக்கரத்தை ஓரத்திலும் மூலையிலும் வைத்து மறுபடி கணக்குப் போடும்படி அந்த நிமிடமே உத்தரவாயிற்று. சாத்தப்பனுக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. அதைவிட இனிப்பாக, சவாரியும் ரத்தானது.

நாலு பேர் பிடித்துத் தூக்க, தாடியில் சுண்டலோடு எழுந்த பூதலிங்கம் பல்லைக் கடித்தார். "இத்தனை பேர் முன்னால என்னை விழ வச்சிட்டியே, பாவி."

"நீங்க எங்க சுவாமி விழுந்தீங்க?" சாத்தப்பன் பணிவாகத் திரையைக் காட்டினான். "இன்னும் பெஞ்சு நடுவுலதானே உட்கார்ந்திருக்கீங்க."