முதல் கிள்ளு மாவு

ஒரு ஊர்ல ஒரு மண் அடுப்பு இருந்துச்சாம். எந்த ஊருங்கிறியா? ஜெருசலேமுக்குப் பக்கத்துல, ஆலிவ் மரமா நிக்கிற ஒரு மலை. அடுப்புக்கு இந்தப் பக்கம் நஜ்வா வீடு, அவ பாலஸ்தீனத்துக்காரி. அந்தப் பக்கம் பெனினா வீடு, அவ யூதப் பொண்ணு. ம் சொல்லு... ஆங்.

நஜ்வாவோட ஆளுங்க காலங்காலமா அந்த மண்ணை விட்டு அசையாதவங்க. பெனினாவோட ஆளுங்க எப்பவோ கடல் தாண்டிப் போய், எங்கெங்கியோ அலைஞ்சு திரும்பி வந்தவங்க. "எங்க பாட்டிக்குப் பாட்டி கட்டின அடுப்பு இது"ம்பா நஜ்வா. "இல்ல, எங்க பாட்டிக்குப் பாட்டி கட்டினது"ம்பா பெனினா. விடிஞ்சா இதே சண்டைதான்!

அப்புறம் ரெண்டு பேரும் ஒரு பந்தயம் வச்சாளுங்க. மூணு நாள் ரொட்டி சுடணும். யாருக்கு அடுப்பு நல்லா சுட்டுக் குடுக்குதோ, அவளுக்குத்தான் அடுப்பு. தோத்தவ மூட்டையைக் கட்டிக்கிட்டு மலையை விட்டே இறங்கிடணும். நஜ்வாவுக்கு ஒரு சின்னப் பொண்ணு. தோத்தா அதைக் கையில பிடிச்சுக்கிட்டு எங்க போவா, பாவம்?

மொத நாள் நஜ்வா ரொட்டி புஸ்ஸுன்னு உப்புச்சு, பெனினாவோடது கருகிப்போச்சு. ரெண்டாம் நாள் பெனினாவோடது உப்புச்சு, நஜ்வாவோடது தொப்புன்னு நெருப்புல விழுந்துடுச்சு. ஒருத்தி சுடும்போது இன்னொருத்தி திரும்பிக்கூடப் பாக்கல, அவ்வளவு வெறுப்பு. ம்?

மூணாம் நாள்தான் முடிவு. பெனினா சுட வந்தப்போ நஜ்வா, இவ ஏதாச்சும் தில்லுமுல்லு பண்ணுவாளோன்னு பக்கத்துலயே குத்தவச்சுக் கண்ணு கொட்டாம பாத்தா. பெனினாவுக்கு ஒரே அவசரம். தொம் தொம்னு பிசைஞ்சா. பட் பட்னு தட்டினா. தட்டினதை எடுத்துக்கிட்டு அடுப்புக்கிட்ட குனிஞ்சா...

"ஐயோ, இருடி! மொதல் கிள்ளு மாவை நெருப்புல போடலையே! ரொட்டி உருப்படுமா?"

கத்தினது யாரு? நஜ்வாதான். சும்மா இருந்திருந்தா அவ ஜெயிச்சிருக்கலாம். வாய் கேக்கல.

பெனினா அப்படியே நின்னுட்டா. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா போடுவா. நான் மறந்தா கரண்டியாலயே கையில ஒண்ணு வைப்பா."

"எங்கம்மாவும்தான்! ஏம்மான்னு கேட்டா, 'எங்கம்மா போட்டா, நானும் போடுறேன்'ம்பா."

"அதேதான்டி! எங்கம்மாவும் அதேதான் சொல்லுவா!"

அப்போதான் ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது. அந்த அடுப்பைக் கட்டினவ ஒருத்திதான். அவ பிள்ளைங்கள்ல சிலது கடல் தாண்டிப் போச்சு, சிலது இங்கயே இருந்துச்சு. பேச்சு மாறிச்சு, சாமி கும்பிடுற விதம் மாறிச்சு. கை மட்டும் மறக்கல. நஜ்வாவுக்கு அழுகை வந்துடுச்சு. புகைன்னு சொல்லித் தொடச்சுக்கிட்டா.

பெனினா ஒரு கிள்ளு எடுத்து நெருப்புல போட்டா. சுர்ருன்னுச்சு! அன்னிக்கு ரொட்டியைப் பிட்டு, நஜ்வா பொண்ணுக்குத்தான் மொத வாய் ஊட்டினா.

மூட்டையா? யாரும் கட்டல. அப்புறம் சண்டையே இல்லையான்னா, இருந்துச்சு. சாம்பலை யார் அள்ளுறதுன்னு தினம் ஒரு பாட்டம் நடக்கும். ஆனா அந்தச் சின்னப் பொண்ணு வந்து, "இது யாரு கட்டின அடுப்பு?"ன்னு கேட்டா, பெனினாதான் முந்திக்கிட்டுச் சொல்லுவா: "நம்ம பாட்டிக்குப் பாட்டி கட்டினதுடி."

ம்... ம் சத்தத்தையே காணோமே. சரி, அடுப்பு அணைஞ்சுது, ரொட்டி ஆறிப்போச்சு, கதையும் ஆறிப்போச்சு. தூங்கு.